இரு கைகளிலும் நாடி பார்த்தல்

நம் முன்னோர் பாரிசவாயு என்றும் இக்காலத்தார் பக்கவாதம் என்றும் வழங்கும் நோய்க்கு, மூளையின் இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் என்னும் அரிய மருந்து கிட்டியுள்ளது. மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால் அது பலரை முடத்தினின்று காக்குமென 1995-ல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று காட்டிற்று. 2008-ல் ஐரோப்பிய ஆராய்ச்சி அவ்வெல்லையை நாலரை மணியாக நீட்டிற்று. அதுமுதல் விரைவே வைத்தியசாலைகளின் மந்திரமாயிற்று.

விரைவு வேண்டுவதே. திருவாலங்காட்டில் ஒருவர் கைகால் விழுந்து சாய்வாராயின், கிழக்கே திருவள்ளூருக்கோ மேற்கே வேலூருக்கோ கொண்டு சேர்ப்பதிலேயே அப்பொழுதின் ஒரு பகுதி கழிந்துவிடும். எனினும், விரைவுக்கும் ஒரு கண் வேண்டும் என்பதே எமது கருத்து.

ஏனெனில், பக்கவாதம் யாவும் கட்டியால் விளைவன அல்ல. இருதயத்தினின்று புறப்படும் மகாதமனியின் உட்சுவர் சிற்சிலருக்குக் கிழிகின்றது. இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து, மூளைக்குச் செல்லும் கிளையை நெருக்கி அடைக்கின்றது. வெளித்தோற்றம் பக்கவாதமே, தலையை மட்டும் எடுத்த படத்தில் மார்பினுள் நேர்ந்த கிழிசல் தெரியாது. இந்நிலையில் கட்டியைக் கரைக்கும் மருந்து, கிழிந்த சுவரினின்று பெருகும் குருதியைத் தடுப்பாரின்றிச் செய்துவிடும். 1760-ல் இறந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் உடலை அறுத்து நோக்கிய வைத்தியர் நிக்கோல்ஸ், மகாதமனி கிழிந்து, இருதய உறையில் குருதி நிறைந்து இருதயத்தை அழுத்தியிருக்கக் கண்டார். அத்தகைய முடிவை மருந்தே விரைவுபடுத்துதல் எத்துணைக் கொடிது! இந்நோய்க்கு வேண்டுவது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே.

ஐயமுற்றால் மார்பையும் கழுத்தையும் சேர்த்துப் படமெடுத்தல் வேண்டும். ஐயம் எழுவதற்கோ பெருங்கருவி வேண்டா. இரு கைகளிலும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தல் போதும். மிக்க வேறுபாடு காணின் அது எச்சரிக்கை. இது காலத்தை வீணாக்கும் என்பாருளர். இரண்டு நிமிடத்தில் முடிவதை வீண் என்னலாமோ?

நாடி ஒத்திருந்தும் கிழிசல் உண்டாகலாம்; ஆதலின் சுற்றத்தாருக்கும் கடமையுண்டு. நோயாளிக்கு நா எழாதபோது, "விழுமுன் மார்பிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் வலிக்கிறதென்றாரா?" என்பதற்கு விடை அவர்களிடமே உளது. வைத்தியர் அதனைக் கேட்க. கேளாராயினும் உறவினர் கூறுக. அவ்வொரு சொல் ஓர் உயிரைக் காத்தலும் கூடும்.