மேஜருக்கு நேரே என்ன எழுதுவது?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு வத்தலகுண்டு பேருந்துகளில் ஒரு துண்டறிக்கை கைமாறத் தொடங்கிவிட்டது. இடப்பக்கம் மேஜர், வலப்பக்கம் வேலை. இயற்பியலுக்கு நேரே ஆசிரியர், வங்கித் தேர்வு, ஐ.டி. தாவரவியலுக்கு ஐ.டி.யும் இல்லை. மகளுக்காக ராத்திரி வெகுநேரம் கைபேசியில் தேடும் அப்பாவுக்கும் இதே பட்டியல்தான் அகப்படுகிறது. வேலைக்குப் பெயர் இருக்கிறது. காலையில் போய் அங்கே என்ன செய்வார்கள் என்று ஒரு வரி கிடையாது. எரிச்சல் அதில்தான்.

அதே பேருந்து போய் நிற்கும் ஊரில்தான் அந்த வரி இருக்கிறது. கொடைக்கானலில் அப்சர்வேட்டரி ரோட்டில் மேடேறினால் சூரிய ஆய்வகம்.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வெள்ளைக்கார அரசைக் குடைந்தது. மலைமேல் ஆய்வகம் வந்ததற்கு அது ஒரு காரணம். 1899-ல் சென்னையிலிருந்து வானியல் பணி இங்கே மாறியது. 1907-ல் வந்து சேர்ந்தார் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் அவர் பார்த்த உத்தியோகம் ரசாயனத் தொழிலில். சூரியனைப் பார்த்தது வேலை நேரம் போக மிச்சத்தில், சொந்தக் கருவிகளோடு.

1909 ஜனவரியில் ஒரு சூரியப் புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படமெடுத்தார். நேராக நிற்க வேண்டிய கருங்கோடுகள், புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்துக்கு வந்ததும் சாய்ந்திருந்தன. ஒரு பக்கம் சிவப்பை நோக்கி, எதிர்ப்பக்கம் நீலத்தை நோக்கி. புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று அதிலிருந்து கண்டார். மயிரிழைச் சாய்வு அது. உலகப் பாடநூல்களில் இன்றைக்கும் அது எவர்ஷெட் விளைவு. கொடைக்கானலில் கண்டது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தின் அன்றாடமும் அதற்குக் குறைந்ததல்ல. 11 மீட்டர் கோபுரத்தில் உள்ள கண்ணாடி சூரியனைப் பின்தொடர்கிறது. ஒளி 60 மீட்டர் சுரங்கத்துக்குள் இறங்கி 34 சென்டிமீட்டர் அகலச் சூரியனாக விழுகிறது. மேகமில்லாத நாட்களில் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் 1904-ல் தொடங்கியது. நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்கள் கணினிக்கு ஏறியிருக்கின்றன. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியை ஆராய்பவர்களுக்கு அது பெரும் சொத்து. லென்ஸ் தெரிந்தவர், கண்ணாடி துடைக்கத் தெரிந்தவர், மோட்டார் தெரிந்தவர், நிரல் எழுதுபவர், பழைய கண்ணாடித் தகடு கீறாமல் எடுத்துவைப்பவர் என்று எத்தனை கைகள்! துண்டறிக்கையில் இவர்களில் ஒருவருக்கும் இடமில்லை.

1960-ல் இங்கே இயக்குநராக வந்த வைணு பாப்புவின் தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். தொலைநோக்கிக்குப் பின்னால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பாப்பு சிறுவயதிலேயே பார்த்துவிட்டார். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர் மகள் எங்கே போய்ப் பார்ப்பாள்?

பழனி, திண்டுக்கல், தேனிக் கல்லூரிகள் சேர்க்கைக்கு முன்னால் ஒருநாள் இந்தப் பிள்ளைகளைப் பெற்றோரோடு மேலே கூட்டிவரட்டும். காலையில் ஆய்வகம். திரும்பும் வழியில் செண்பகனூர். பழனி மலைத் தாவரங்களைத் தேடித் தேடிச் சேகரித்துப் பெருநூலாகத் தந்த பாதிரியார் கே.எம். மேத்யூவைப் பற்றி அங்கே சொல்லலாம். வேலை பார்ப்பவரிடமே பிள்ளைகள் கேட்கட்டும்: என்ன படித்தீர்கள், எப்படி உள்ளே வந்தீர்கள், சம்பளம் எவ்வளவு, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள். விண்ணப்பத்தை மறுநாள் நிரப்பிக்கொள்ளலாம்.