டி.வி. மூலையில் இருந்த எழுத்து எங்கே?

டி.வி. பார்க்கிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். மூலையில் ஒட்டிக்கொண்டு இருக்கும் முத்திரையை யார் கவனிக்கிறார்கள்? ஒருநாள் அது காணாமல் போனால்தான் "அடடே, எங்கே?" என்று தேடுவார்கள்.

கிரீஸ் நாட்டில் அதுதான் நடந்தது.

அங்கே அரசு டெலிவிஷனுக்கு "இ.ஆர்.டி." என்று பெயர். 2013-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, "இன்று ராத்திரியோடு மூடுகிறோம்" என்று அரசாங்கம் அறிவித்தது. அன்று இரவு 11 மணி சுமாருக்குத் திரை இருண்டது. முத்திரையும் போச்சு, செய்தியும் போச்சு. ஏறக்குறைய 2,600 பேருக்கு வேலையும் போச்சு!

பார்லிமெண்டைக் கேட்டார்களா? கேட்கவில்லை. அவசரச் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள்.

"ஊதாரிச் செலவு" என்று காரணம் சொன்னார்கள். இருக்கட்டுமே! தின்றவன் யார் என்று கணக்கைக் கேட்டுப் பிடிக்க வேண்டியதுதானே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையா கொளுத்துவது?

அதுவும் யார் பணத்தில் நடந்த டெலிவிஷன்? ஜனங்களிடம் கரண்ட் பில்லோடு சேர்த்து வசூல் செய்த பணம். காசு கொடுத்தவனுக்கு ஒருநாள் நோட்டீசுகூட கிடையாது.

ஊழியர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஏதென்ஸ் பக்கத்தில் உள்ள தலைமை நிலையத்தை விட்டு நகராமல், இண்டர்நெட்டில் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு யூனியனும் அதை வாங்கி அனுப்பி உதவியது. 6 நாள் கழித்து, "ஒளிபரப்பைத் திரும்பத் தொடங்கு" என்று பெரிய கோர்ட்டும் சொன்னது. கூட்டணிக் கட்சி ஒன்று மந்திரிசபையை விட்டே வெளியேறியது.

அப்புறம் வந்ததுதான் கூத்து. ஜூலையில் "பொது டெலிவிஷன்" என்று தற்காலிகமாக ஒரு முத்திரை வந்தது. நவம்பர் 7-ந் தேதி விடியற்காலை போலீசார் புகுந்து, நிலையத்தில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். 2014-ம் ஆண்டு மே 4-ந் தேதி "நெரிட்" என்று இன்னொரு முத்திரை. "புதிய கிரேக்க ரேடியோ, இண்டர்நெட், டெலிவிஷன்" என்பதன் சுருக்கமாம். பேரிலேயே "புதிய" என்று போட்டுக்கொண்டார்கள்! போர்டை மாற்றினால் கடை புதுசாகிவிடுமா?

நெரிட் ஆயுள் 13 மாதம்தான். ஆட்சி மாறியது. 2015-ம் ஆண்டு அதே ஜூன் 11-ந் தேதி, பழைய "இ.ஆர்.டி." திரும்ப வந்தது.

எழுத்தைத் திரும்ப ஒட்டியாச்சு, சரி. நடுவில் போன இரண்டு வருஷத்தை எந்த அரசாங்கம் ஒட்டித் தரும்?