கோழி பாஸ்... கிழங்கு அரியர்!

"கேசரோல் பண்ணப் போறேன்மா"ன்னு சொன்னதும் எங்க அம்மா திருப்பிக் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி... "அதான் வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கே. இன்னொண்ணு எதுக்குடி?" அவங்க கையில சப்பாத்தி வைக்கிற ஹாட் பாக்ஸ்!

அம்மா மேல தப்பே இல்லைங்க. பிரெஞ்சுலயும் அந்த வார்த்தை ஒரு பாத்திரத்தோட பேருதான். சட்டியில எல்லாத்தையும் அடுக்கி, சுட்டு, அதே சட்டியோட டேபிளுக்குக் கொண்டுவந்து வைக்கிற அயிட்டத்துக்கும் பின்னாடி அதே பேரு ஒட்டிக்கிச்சு. ஆக, இந்த வார 'ஹாஸ்டல் கிச்சன்'ல சிக்கன் உருளைக்கிழங்கு கேசரோல். (ஹாஸ்டலுக்குள்ள கறி கொண்டுபோனா வார்டன் மேடம் என்னையே அவிச்சிடுவாங்க. அதனால செமஸ்டர் லீவ்ல வீட்டுலதான் ஷூட்டிங்.)

நம்ம வீடு மாமல்லபுரம். லீவுக்கு ரூம்மேட்ஸ் ரெண்டு பேர் வந்திருந்தாங்க. கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறையை முதுகால தாங்குற மாதிரி போட்டோ, எல்லாம் முதல் நாளே முடிஞ்சது. ரெண்டாம் நாள் ஒத்தவாடைத் தெருவுல நடக்கும்போது ஒரு ஹோட்டல் மெனு போர்டைப் பார்த்து ஒருத்தி கேட்டா, "இந்த கேசரோல்னா என்னடி?"

எனக்குத் தெரியும். ஏன்னா, அந்தத் தெருவுல வெளிநாட்டுக்காரங்களுக்குச் சமைக்கிற ஒரு சின்ன ரெஸ்டாரன்ட்லதான் எங்கப்பா வருஷக்கணக்கா குக். பாஸ்தா, பேன்கேக், கேசரோல் எல்லாம் அவருக்கு அத்துப்படி. டிசம்பர், ஜனவரி சீசன்ல ராத்திரி வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில வெண்ணெய் வாசனை அடிக்கும். 2020 மார்ச்ல லாக்டவுன் வந்தது. டூரிஸ்ட் இல்லை. ஓனர் கடையை மூடினார். ரெண்டு மாச சம்பள பாக்கி இன்னிக்கு வரைக்கும் பாக்கிதான். அப்பா ஒரு பிரியாணி மாஸ்டர்கிட்ட கல்யாண வேலைக்குச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் அந்தப் பழைய மெனுவுல இருந்து ஒரு அயிட்டம்கூட எங்க வீட்டுல அவர் பண்ணதில்லை. கேட்டா, "அதுக்கெல்லாம் ஓவன் வேணும்மா"ன்னு முடிச்சிடுவார்.

ஓவன் இல்லைன்னா என்ன, இன்ஜினீயரிங் படிக்கிறோம்ல! அவர் வேலைக்குப் போன நேரமாப் பார்த்துக் களத்துல இறங்கினோம்.

பீச்ல கடலை வறுக்கிற வண்டியைப் பார்த்திருப்பீங்க. சூடான மணல்தான் அங்கே ஹீரோ. அதே டெக்னிக்தான். அடி கனமான பழைய குண்டான்ல ரெண்டு இன்ச்சுக்கு மணல், அதுமேல ஒரு ஸ்டாண்டு, ஸ்டாண்டு மேல கேக் டின், மூடி போட்டா ஓவன் ரெடி. (மகாபலிபுரத்துல மணலுக்கா பஞ்சம்னு கடற்கரைக்கு ஓடாதீங்க. அதுல உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். நல்ல மணலைச் சலிச்சு, கழுவி, காய வெச்சு எடுங்க.) பச்சைக் கிழங்கை வட்டமா நறுக்கி டின்ல அடுக்கி, நடுவுல பச்சைக் கோழி, மேல ஒயிட் சாஸ், சீஸ். ஐம்பது நிமிஷம்.

திறந்தா... மேல சீஸ் உருகி வெள்ளையா, ஜுரம் வந்த மாதிரி படுத்துக்கிடக்கு. கோழி வெந்திருக்கு. கிழங்கைக் கடிச்சா 'கடக்'! ரூம்மேட் ரிசல்ட் அறிவிச்சா: "கோழி பாஸ்... கிழங்கு அரியர்!"

ஏன் இப்படி? யோசிச்சா நம்ம சிலபஸ்தான் மக்கா. கோழி உள்ளே 74 டிகிரி தொட்டாப் போதும், சாப்பிடலாம். கிழங்கு அப்படியில்ல. அதோட மாவுச்சத்து அறுபது, எழுபதுலயே உப்ப ஆரம்பிச்சிடும். ஆனா செல்லுங்களை ஒட்டவெச்சிருக்கிற பெக்டின் இளகணும்னா 90 பக்கம் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நிக்கணும். இதுல ஒயிட் சாஸ் வேற கெட்டி. ரசம் கொதிக்கும்போது மேலயும் கீழயும் சுத்தி எல்லா இடத்துக்கும் சூட்டைக் கொண்டுபோகும். கெட்டி சாஸ் சுத்தாது. ஓரத்துல இருந்து நடுவுக்குச் சூடு மெதுவா நகர்ந்துதான் வரணும், நம்ம காலேஜ் கேன்டீன் க்யூ மாதிரி.

மேல செவக்காததுக்கு காரணம் வேற. ஈரம் இருக்கிற வரைக்கும் எதுவும் 100 டிகிரியைத் தாண்டாது. செவந்து வாசனை வர, மேல்பக்கம் காய்ஞ்சு 140-க்கு மேல போகணும். ஓவன்ல மேல ஒரு கம்பி தகதகன்னு இருக்கே, அது இதுக்குத்தான். நம்ம குண்டான்ல சூடு கீழே மட்டும்தான்.

சாயங்காலம் அப்பா வந்தார். டின்னைப் பார்த்தார். ஒரு கிழங்கை எடுத்துக் கடிச்சுட்டு, "இன்னாம்மா, கிழங்கை முதல்ல வேக வைக்கலையா?" அவ்ளோதான். கை கழுவப் போயிட்டார். திட்டுவார்னு பார்த்தா, மறுநாள் காலையில கறிக்கடையில இருந்து அரை கிலோ எலும்பில்லாத தொடைக்கறியோட வந்து நிக்கிறார்!

இனிமே வர்றது அப்பா முறை. எழுதிக்கோங்க. நாலு பேருக்கு அரை கிலோ கோழி, அரை கிலோ கிழங்கு. ஊட்டிக் கிழங்கு கிடைச்சா நல்லது, குழையாம நிக்கும். தோல் சீவி, ரெண்டு காசை அடுக்கின கனத்துக்கு நறுக்கி, உப்புத் தண்ணியில ஏழெட்டு நிமிஷம். கத்தி இறங்கணும், உடையக் கூடாது. வடிச்சு ஆற விடுங்க. கோழியைச் சின்னத் துண்டாக்கி, ரெண்டு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு கேரட், மிளகுத்தூள், உப்போட வெண்ணெயில வதக்குங்க. நிறம் மாறி, தண்ணி சுண்டினாப் போதும்.

சாஸ்தான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, அரை லிட்டர் பால். வெண்ணெயில மைதாவைப் பச்சை வாசனை போக ரெண்டு நிமிஷம் வறுத்துட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிண்டணும். மொத்தமா ஊத்தினா கட்டி கட்டியா கொழுக்கட்டை! எங்களை அப்பா கரண்டியைத் தொடவே விடலை. ரூம்மேட்ஸ் முன்னாடி அவர் மணிக்கட்டு சுத்தின ஸ்பீடு இருக்கே... நான் அதை வாசனையா மட்டும்தான் தெரிஞ்சு வெச்சிருந்தேன். கண்ணால பார்க்கிறது அதுதான் முதல் தடவை.

கிழங்கு ஒரு அடுக்கு, கோழி, சாஸ், திரும்ப கிழங்கு, சாஸ். மேல துருவின சீஸ். வீட்டுக்குப் பின்னாடி, தண்ணி காய வைக்கிற விறகு அடுப்புல மணல் குண்டான் பத்து நிமிஷம் காய்ஞ்சதும் டின் உள்ளே போச்சு. அரை மணி நேரம் கழிச்சு ஓரத்துல 'பொளக் பொளக்'னு கொதிச்சது. மேல அதே ஜுரம் வந்த கலர்தான்.

"அப்பா, மேல் சூடு இல்லையே..."

அவர் பதில் சொல்லலை. மூடியை எடுத்துட்டு, அந்த இடத்துல பழைய இரும்பு தோசைக்கல்லை வெச்சார். அடுப்புல இருந்த சவுக்குத் தணலை வாரி அதுமேல கொட்டினார். தம்! கல்யாண வீட்டுல பிரியாணி அண்டா மூடி மேல தணல் போடுவாங்களே, அதே தம்! கல்லுக்கும் சீஸுக்கும் நாலு விரல்தான் இடைவெளி. பன்னெண்டு நிமிஷம் கழிச்சு இடுக்கியால கல்லை நகர்த்தினார். ஓரமெல்லாம் முறுகி, மேல புள்ளி புள்ளியா செவந்து... ஒரு ரூம்மேட் விசிலே அடிச்சுட்டா. பெரிய கோழித் துண்டா ஒண்ணு எடுத்துப் பிச்சுப் பார்த்தோம். உள்ளே ரோஸ் கலர் இல்லை, ஓகே.

(தணல் வேலையை வெட்டவெளியில மட்டும் பண்ணுங்க. மூடின ரூம்ல கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் காலி பண்ணிடும். ஓவன் இருக்கிற புண்ணியவான்கள் 200 டிகிரியில அரை மணி நேரம் வெச்சுட்டு, கடைசி அஞ்சு நிமிஷம் மேல் கம்பியை மட்டும் ஓடவிடுங்க.)

பத்து நிமிஷம் ஆற விட்டாதான் சாஸ் இறுகி, துண்டு துண்டா வெட்ட வரும். எங்களுக்கு அவ்ளோ பொறுமை ஏது? கரண்டி போட்டு அள்ளியாச்சு. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "கொஞ்சம் பச்சை மிளகாய் போட்டிருக்கலாம்"னாங்க. ரெண்டாவது தடவையும் வாங்கிக்கிட்டாங்க, அது வேற விஷயம்.

அப்பா கடைசியாத்தான் சாப்பிட்டார். தட்டைப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் மென்னார். "அந்தக் கடையில தம் போட்டதில்லை. இது அதைவிட நல்லா செவந்திருக்கு"ன்னார். அப்புறம், "சாஸ்ல ஒண்ணு குறையுது."

என்னன்னு சொல்லலை. மறுநாள் ராத்திரி வேலை முடிஞ்சு வந்தவர் சட்டைப் பையில இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்கிட்ட கொடுத்தார். பிரிச்சா, நாட்டு மருந்துக் கடை ஜாதிக்காய் ஒண்ணு. "ரெண்டு இழுப்பு துருவினாப் போதும். ஞாயித்துக்கிழமை உன் பிரெண்ட்ஸ் இருப்பாங்கல்ல?"