மேஸ்திரிக்கு யார் பாடம் எடுப்பது?

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த முக்குக்குப் போனாலும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்று எல்லோரும் இருப்பார்கள். மேஸ்திரி பைக்கில் வந்து, "ரெண்டு கொத்தனாரு, நாலு சித்தாள் வாங்க" என்று எண்ணிக் கூட்டிப் போவார். எட்டு மணிக்கு அவர்கள் இரண்டாவது மாடிச் சாரத்தில் நிற்பார்கள்.

இடையில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது அவர்களுக்கு ஏதாவது சொன்னார்களா? சொன்னார்கள். "வெரசா ஏறுங்க, சாயங்காலத்துக்குள்ள பூசி முடிக்கணும்."

நம்மூரில் கட்டட விபத்து என்றதும் எல்லோரும் தொழிலாளியைத்தான் திட்டுகிறார்கள். "ஹெல்மெட் கொடுத்தா போட மாட்டேங்கான்", "பெல்ட்டைக் கட்டச் சொன்னா சிரிக்கான்", "தண்ணியப் போட்டுட்டு ஏறியிருப்பான்". இறந்தவன் பதில் சொல்ல வரமாட்டான் என்பதால் இது மிகவும் வசதியான வாதம்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாரத்துக்கு எத்தனை சவுக்குக் கம்பு என்று முடிவு செய்தது அந்தத் தொழிலாளியா? வானம் தோண்டும்போது பக்கவாட்டு மண்ணுக்கு முட்டு வேண்டாம் என்று சொன்னது அவனா? தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் கம்பியை நிமிர்த்தித் தூக்கச் சொன்னது யார்? மேஸ்திரி, சூப்பர்வைசர், சைட் இன்ஜினியர் ஆகிய மூன்று பேர்தான். முதலில் பயிற்சி வேண்டியது உத்தரவு போடும் இவர்களுக்கு. ஹெல்மெட் என்பது எல்லா முடிவுகளும் தப்பாய்ப் போன பிறகு தலையில் மிச்சமிருக்கும் கடைசிப் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

அனுபவம் போதாதா?

"இருபத்தஞ்சு வருச சர்வீஸ், எங்களுக்கே பாடமா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அனுபவத்தை மதிக்க வேண்டியதுதான். ஆனால் அனுபவம் நமக்கு நடந்ததை மட்டும்தான் சொல்லித்தரும். இதுவரை நடக்காததைச் சொல்லித்தராது. இருபத்தைந்து வருடம் தப்பித்தவர், தன் முறை சரி என்று நம்பிவிடுகிறார்.

நான்கு உதாரணங்கள்:

1. புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க். மேல் தளம் போட்டுச் சில வாரம் மூடிக் கிடக்கிறது. உள்ளே இருக்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் விழுகிறார். கழிவே சேராத தொட்டியில் எப்படி? ஈரப் பலகை உளுத்துப்போகும்போது தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. கண்ணுக்கும் தெரியாது, நாற்றமும் இருக்காது. அனுபவத்தால் இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஓர் உயிரைக் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

2. சென்ட்ரிங் பிரிப்பது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்ட் போட்ட தளத்தில் 4.5 மீட்டர் வரையிலான அகலத்துக்கு முட்டுகளை 7 நாள் வைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் இன்னும் கூடுதலாக வைக்க வேண்டும். தாழையூத்து சங்கர் நகரில் 1949இலிருந்து சிமெண்ட் தயாராகிறது. அந்த மூட்டையைத் தினமும் பிரிக்கும் எத்தனை சூப்பர்வைசருக்கு இந்த நாள் கணக்கு தெரியும்? பலகை வாடகை ஏறுகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

3. பள்ளம். தாமிரபரணிக் கரையோரம் வயலாக இருந்த இடமெல்லாம் இன்று மனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண் அது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும், அதாவது ஒரு கார் மேலே விழுவது மாதிரி. மத்தியக் கட்டுமான விதிகள் (1998), தொழிலாளியின் காலடியிலிருந்து பக்கவாட்டு மண் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்தாலே, சரியும் ஆபத்து இருந்தால் முட்டுக் கொடுக்கச் சொல்கின்றன. ஒன்றரை மீட்டர் என்றால் ஐந்தடி. நம்மூரில் ஐந்தடியை யாரும் பள்ளம் என்றே சொல்வதில்லை.

4. மின்கம்பி. இதற்கு விளக்கமே வேண்டாம். தெருவில் வயர் போவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் கீழிருந்து இருபதடிக் கம்பியை எந்தப் பக்கமாகத் தூக்குவது என்று வேலை தொடங்கும் முன் திட்டமிட வேண்டும் என்பது தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பெருமாள்புரத்திலும் கே.டி.சி. நகரிலும் வீடு கட்டுகிற இடத்தில் 250 பேரா இருக்கிறார்கள்? பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, சொந்தக் குடியிருப்பாக 50 லட்சத்துக்குள் கட்டினாலோ, அந்தத் தொகுப்பின் கட்டுமான வரையறைக்குள்ளேயே அது வராது. நம் மாவட்டத்தில் எழும்பும் வீடுகளில் பாதிக்கு மேல் இதில் போய்விடாதா?

இன்னொரு வேடிக்கை. 1998 விதிகளில் "பொறுப்பான நபர்" என்று ஒருவர் வருகிறார். சாரம் கட்டுவது போன்ற வேலைகள் அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். அவருக்குப் போதிய அறிவு, அனுபவம், அதிகாரம் மூன்றும் இருக்க வேண்டும். அருமையான வரையறை! ஆனால் அந்த அறிவு இருக்கிறதா என்று யார் சோதிப்பது? நியமிக்கும் முதலாளியேதான்.

அதே 1996 சட்டத்தில் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் "கட்டடத் தொழிலாளி" அல்ல. புதிய தொகுப்பில் அந்த எல்லை 18,000 ரூபாய். ஆக, சூப்பர்வைசர் தொழிலாளர் கணக்கிலும் இல்லை, முதலாளி கணக்கிலும் இல்லை. பன்னிரண்டு உயிர்களின் பொறுப்பு மட்டும் அவர் தலையில் இருக்கிறது.

காகிதம் மட்டும் போதுமா?

சான்றிதழ் கட்டாயமானால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. அதற்கும் நம் மாவட்டமே சாட்சி. 2022 மே 14 நள்ளிரவில் முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்தது. சுமார் 300 அடிப் பள்ளம். ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். கல்குவாரி அப்போது சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கே மேலாளர், ஃபோர்மேன், மேட், வெடி வைப்பவர் எல்லோருக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. தொழிலாளிக்குத் தொழிற்பயிற்சி கட்டாயம் என்று 1966லேயே விதி போட்டார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, கல்லை வெட்டும் இடத்தில் சான்றிதழ் கேட்கும் அரசு, அதே கல் வீடாக எழும் இடத்தில் எதையும் கேட்பதில்லை. இரண்டு, விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அத்தனை ஆழப் பள்ளத்தில் ராத்திரி வேலை நடக்கும்போது "நிறுத்து" என்று சொல்லும் தைரியமும் அதிகாரமும் ஒருவருக்கு இருக்க வேண்டும்.

பெரிய வேலைகள் என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வடமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஒரு கட்டடமே நொறுங்கும் அளவுக்குக் குறை இருந்தால் சூப்பர்வைசருக்குப் பயிற்சி கொடுத்து அதை ஈடுகட்ட முடியாதுதான். ஆனால் அன்றாடம் ஒருவர் இருவராகச் செத்து, செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியாக முடிந்துபோகும் விபத்துகள் பெரும்பாலும் அந்தந்த இடத்தில், அந்தந்தக் காலையில் எடுக்கப்பட்ட முடிவுகளால் நடப்பவை. அவற்றைத் தடுக்க முடியும்.

சிங்கப்பூருக்குப் போனால் மட்டும்

நம் ஊர்ப் பையன் ஒருவன் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கட்டுமானப் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சியில் தேறினால்தான் வேலை அனுமதி. அதைத் தமிழிலேயே நடத்துகிறார்கள்! மேற்பார்வையாளருக்குத் தனிப் பயிற்சி. அதே பையன் ஊருக்குத் திரும்பிச் சாரத்தில் ஏறும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. சிங்கப்பூரில் மட்டும்தான் அவன் உயிருக்கு விலையா?

அவர்களும் பட்டுத்தான் திருந்தினார்கள். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் நெடுஞ்சாலையில் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபோர்மேன். தன் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அவர் மண்ணுக்குள் போய்விட்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்த அறிகுறிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று விசாரணை சொன்னது. 2006இல் புதிய பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

பிரிட்டனில் தள மேலாளருக்கு 5 நாள் பயிற்சி, மேற்பார்வையாளருக்கு 2 நாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இது சட்டக் கட்டாயம்கூட இல்லை. அது இல்லாமல் பெரிய ஒப்பந்தக்காரர்கள் உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான். 2024-25இல் அங்கே கட்டுமானத் துறை முழுக்க இறந்தவர்கள் 35 பேர்.

செலவு யார் தலையில்?

"எல்லாம் சரி, காசு?" என்பார்கள். கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஒரு மேஸ்திரியின் நாள் கூலி 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாள் பயிற்சிக்கு இழப்பு 2,400 ரூபாய். மறுபக்கம், 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வைத்த கணக்குப்படி, மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுத் தொழிலாளி இறந்தால் சம்பளத்தில் பாதியை 207.98ஆல் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய். வேலை நின்றது, போலீஸ், கோர்ட் எல்லாம் தனி. இதையெல்லாம் சிறு ஒப்பந்தக்காரர்கள் கணக்கில் எழுதாததற்குக் காரணம் ஒன்றுதான். பெரும்பாலும் அவர்கள் கொடுப்பதே இல்லை. "ஏதோ பார்த்துச் செய்யுதோம்" என்று ஒரு தொகையில் பேசி முடித்துவிடுகிறார்கள். நஷ்டம் யாருடைய பேரேட்டில் விழுகிறது? அந்த வீட்டுப் பெண்ணின் பேரேட்டில். அவளுக்கு வரவுப் பக்கமே கிடையாது.

பயிற்சிக்குப் பணமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வசூலாகிறது. 1 கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு 1 லட்சம். அந்தப் பணத்திலிருந்து விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு உதவி தருகிறார்கள். தர வேண்டியதுதான். ஆனால் செத்த பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைச் சாகாமல் இருக்கக் கொடுத்தால் என்ன?

இடமும் இருக்கிறது. பேட்டையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள். ஆங்கில ஸ்லைடு வேண்டாம். தமிழில், நிஜச் சாரத்தையும் நிஜப் பள்ளத்தையும் காட்டி நடத்த வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் பதில், தப்பாகக் கட்டிய சாரம் ஒன்றைக் காட்டிக் குறை கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் ஜெராக்ஸ் கடையில் சான்றிதழ் வாங்குவதும் குறையும். வேலையாட்களில் பலர் இந்திக்காரர்கள், ஒடியாக்காரர்கள் என்பதால் "நிறுத்து", "இறங்கு", "தொடாதே" என்ற மூன்று வார்த்தைகளையாவது அவர்கள் மொழியில் சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக, கட்டட அனுமதி விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் யார்? 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்றில் உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு வசதிதான். அந்த வசதியோடு ஒரு பெயரையும் கேட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் பலர் வீட்டில் தட்டட்டி போடும் வேலையோ மாடி எடுக்கும் வேலையோ நடந்துகொண்டிருக்கும். டைல்ஸ் என்ன கலர் என்று பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். முகப்பில் திருஷ்டி பொம்மை தொங்கவிட மறப்பதில்லை. மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, இந்தச் சாரத்தை இன்னைக்குக் காலையில யார் சோதிச்சுப் பார்த்தா?"

பதில் வரவில்லையென்றால் அன்றைக்கு யாரையும் மேலே ஏற்ற வேண்டாம். கிரகப்பிரவேசம் ஒரு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுப்போகாது.