பெயர் பிரெஞ்சு, பாட்டன் தமிழன்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களிடம் அது எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். துய்ப்ளெக்ஸ் காலத்தில் கப்பலில் வந்த ஒரு சிப்பாய் இங்கேயே தங்கி ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார், அவர் வழி வந்தவர்கள் நாங்கள் என்பார்கள். பெயர் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு உயர்ந்த பதவி அந்தச் சிப்பாய்க்கு. நாலு பேருக்கு இருக்கிற பெயர் என்றால் சிப்பாயோடு நிற்கும். யாருமே கேள்விப்படாத பெயர் என்றால் அவர் தளபதியாகி, பிரபுவாகி, சொந்தமாக ஒரு கோட்டையே கட்டிவிடுவார்.

இந்தக் கதை பெரும்பாலும் பொய். அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொள்கிற உறவினர்கள் கோபித்துக்கொள்ளட்டும். எனக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சில் அது ஒரு பறவையின் பெயர். எழுதினால் ஊருக்கே வீடு தெரிந்துவிடும், அதனால் எழுதவில்லை. அந்தப் பறவையை எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இளைய வாசகர்களுக்காக விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். பிரெஞ்சு இந்தியாவில் தமிழனுக்குத் தமிழனின் வழக்கப்படிதான் நீதி. 1819 ஜனவரி 6-ஆம் தேதி உத்தரவே அதை எழுதி வைத்தது: கலியாணம், சொத்து, வாரிசு எல்லாம் அவரவர் சாதி வழக்கப்படி. பெரிய மனதோடு செய்த காரியம் போலத் தெரியும். ஆனால் சாதி வழக்கத்தில் மேலே இருப்பவனுக்குத்தான் அது பாதுகாப்பு. அடியில் கிடந்தவனுக்கு அது பூட்டு. பிறகு 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஒரு ஆணை வந்தது. விரும்புகிற இந்தியன் தன் சாதி வழக்கத்தையும் சொந்தச் சட்டத்தையும் துறந்துவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். அதிகாரி முன் சாட்சிகளோடு போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், திரும்பப் பெற முடியாது. மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் அது சேர்த்தே கட்டும். இப்படித் துறந்தவர்தான் ரெனோன்சான்.

அந்தப் பத்திரத்தில் இன்னொரு நிபந்தனை இருந்தது. துறப்பவர் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதான். ஆகவே மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே ஒரு பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் அப்பா பெயரையே பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் குடும்பப் பெயராக்கினார்கள். சிலர் ஞானஸ்நானப் பெயரைக் கொடுத்தார்கள். சிலர் பிரெஞ்சுச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லா போர்த் என்று எழுதினார். கதவு என்று பொருள். மற்றவர்களுக்கு வாசல் திறக்கிறேன் என்று நினைத்து வைத்த பெயர் என்பார்கள். 1873-இல் ஐரோப்பியச் செருப்பு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காக அபராதம் விதிக்கப்பட்டவர் அவர். பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அவர் வம்சத்தில் இன்று யாராவது லா போர்த் என்ற பெயரை வைத்துக்கொண்டு போர்தோவில் பாட்டனைத் தேடினால், அந்தச் செருப்பையும் வழக்கையும் வெற்றியையும் சேர்த்துத் தூக்கிக் குப்பையில் போடுகிறார் என்றுதான் அர்த்தம்.

என் சித்தப்பா பேரன் ஒருவன் பிரான்சில் இருக்கிறான். அவன் தகப்பன் எனக்குத் தம்பி முறை. இவன் என்னைப் பெரியப்பா என்பான். நல்ல பையன். கணினியில் ஒரு குடும்ப மரம் செய்து அனுப்பினான். அடிமரத்தில் கஸ்கோன் பக்கத்து ஜமீன் ஒன்று, பக்கத்தில் கேடயமும் சிங்கமும் வரைந்த ஒரு சின்னம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். பிரான்சில் எந்த மாவட்டத்தில் எந்தக் குடும்பப் பெயரோடு எத்தனை பேர் பிறந்தார்கள் என்று 1891 முதல் கணக்குக் காட்டும் தளங்கள் உண்டு. அதில் எங்கள் பெயர் தென்மேற்கு மூலையில் ஒரு சிறு புள்ளியாகத் தெரிந்ததாம். “இவ்வளவு அபூர்வமான பெயர், பெரியப்பா! வேறு எங்கிருந்து வந்திருக்கும்?” என்றான். அடுத்தது எச்சில் பரிசோதனை செய்து பார்க்கப் போகிறானாம். வம்சம் தெரிந்துகொள்ள அந்தச் சோதனையை வாங்குவது பிரான்சில் சட்டப்படி குற்றம், 3,750 ஐரோ வரை அபராதம் என்று சொல்லி வைத்தேன்.

இந்த ஆராய்ச்சியில் உள்ள ஓட்டை எது தெரியுமா? அபூர்வமான பெயர் என்றால் ஒரே வேர் என்று நினைக்கிறார்கள். புதுச்சேரியில் பெயர் அபூர்வமாக இருப்பதற்குக் காரணம், அதை ஒரு மனிதர் ஒரு நாள் காலையில் தனியாகத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான். அதே சொல்லைப் பிரான்சில் வேறு ஒரு குடியானவன் வேறு காரணத்துக்காகச் சுமந்திருப்பான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பதால் ஒரு தாய் வயிற்று அண்ணன் தம்பி இரண்டு குடும்பப் பெயரோடு வெளியே வரவும் வழி இருந்தது. ஒருவர் துறந்து, மற்றவர் துறக்காமல் இருக்கவும் வழி இருந்தது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவன் பாட்டனின் கூடப்பிறந்தவர்களையே தொலைத்துவிடுவான்.

ஐரோப்பிய இரத்தம் கலந்த குடும்பங்களே இங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. கிரெயோல்கள் உண்டு, தொப்பாசுகள் உண்டு. ஐரோப்பியர், தொப்பாசுகளின் பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்கள் 1676-இலிருந்தே கிடைக்கின்றன. ஆளுநராக இருந்த மர்த்தினோ அவற்றின் சுருக்கத்தைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறார். பாட்டன் அதில் இருந்தால் சந்தோஷம், காட்டுங்கள். அதில் இல்லாதவர்கள்தான் கோட்டை கட்டுகிறார்கள்.

சரி, உண்மையைத் தேட வேண்டுமென்றால் எப்படித் தேடுவது? தன்னிலிருந்து பின்னால் போக வேண்டும். அப்பாவின் திருமணப் பத்திரத்தில் தாத்தா பாட்டி பெயர், வயது, தொழில் இருக்கும். தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் அவர் பெற்றோர். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கினால், குடும்பப் பெயர் திடீரென்று காணாமல் போகிற ஒரு படி வரும். அங்கே பயந்து திரும்பி வந்துவிடக் கூடாது. அங்கேதான் துறவுப் பத்திரம் இருக்கிறது. மேரியிலுள்ள எத்தா சிவில் பதிவேடு ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. 1776-இலிருந்து காலனிப் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு பிரதி எழுதி வெர்சாய்க்கு அனுப்பும் சட்டத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். அந்தப் பிரதிகள் இப்போது எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளைப் படம் பிடித்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். சிங்கம் போட்ட சின்னத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த இலவசத்தைப் பார்த்திருக்கலாம்.

தேடும்போது எழுத்துக் கூட்டலை மறக்க வேண்டாம். பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். நம் ‘உ’வுக்கு அவன் ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போடுவான். முத்துசாமியை ஆங்கிலக் கூட்டலில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்கமாட்டார். பிள்ளை என்பது புல்லே ஆகும். உழவர்கரை உல்கரே ஆகிவிட்டது, வில்லியனூர் வில்னூர் ஆகிவிட்டது. நான் உத்தியோகத்தில் பாதிக் காலம் பதிவேடுகளோடு குப்பை கொட்டியவன். பிரெஞ்சு படித்திருந்ததால் பழைய கட்டுகளெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒரே மனிதரை மூன்று பத்திரத்தில் மூன்று கூட்டலில் பார்த்திருக்கிறேன்.

குவாதலூப் தீவுக்குப் போன நம் ஆட்களின் கதை வேறு. 1854-இல் முதல் கப்பல் போனதிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பெயரே அங்கே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. அங்கே இந்தியர்களின் ஓட்டுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்ரி சிதம்பரோம் என்பவரின் பெயரைப் பாருங்கள். தமிழும் ஊரும் மறந்துபோன தலைமுறைகளுக்கும் அந்தப் பெயர் ஒன்றே சிதம்பரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஊரிலேயே உட்கார்ந்திருந்த நாம்தான் கஸ்கோனுக்கு ஓடுகிறோம்.

ஏன் ஓடுகிறோம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். துறவுப் பத்திரம் கிடைத்தால் அதில் பழைய பெயர் இருக்கும். பழைய பெயர் தெரிந்தால் பிறப்புப் பத்திரம் வரும். அதில் சாதி இருக்கும். அந்தக் காலக் குமாஸ்தா அதை விடமாட்டான். ஆணை வந்ததும் முதலில் போனவர்களில் படித்த வேளாளர்கள் இருந்தார்கள், உண்மை. பின்னால் திரளாகப் போனவர்கள் சேரியிலிருந்து போனவர்கள், அதிலும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். கோயிலுக்குள்ளேயே நடுவில் சுவர் வைத்துப் பிரித்து உட்கார வைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் தன் பாட்டனார் பத்திர நகலோடு என்னிடம் வந்தார். பேத்தி பிரான்சில் கேட்கிறாள், தமிழில் எழுதிக் கொடுங்கள் தம்பி என்றார். எழுத உட்கார்ந்ததும், “இந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்க” என்றார். எந்த வரி என்று கேட்க வேண்டியதே இல்லை. முடியாது ஐயா, எழுதினால் முழுதாக எழுதுவேன் என்றேன். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு தெருவில் பார்த்தால் பேசுவதில்லை.

எங்கள் பத்திரத்திலும் அந்த வரி இருக்கிறது. பறையர், தொழில் கூலி, ஊர் உழவர்கரை. கையெழுத்துப் போடத் தெரியாது என்று அறிவித்தார் என்று அடியில் ஒரு குறிப்பு. கையெழுத்துப் போடத் தெரியாத என் கொள்ளுத்தாத்தா அந்த அறைக்குள் போய், இத்தனை தலைமுறையாக என் தலையில் ஏற்றி வைத்ததை இன்றோடு இறக்கி வைக்கிறேன், என் பிள்ளைகளுக்கு இனி இந்தப் பெயர் என்று சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுப் பறவை அவருக்கு எங்கே கிடைத்தது, குமாஸ்தா சொல்லிக் கொடுத்தானா, பங்குச் சாமியார் சொன்னாரா, பத்திரத்தில் இல்லை. அவர் மகன் பள்ளிக்கூடம் போனார். பேரன் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்த மனிதரை அழித்துவிட்டு அந்த இடத்தில் வாள் பிடித்த எவனையோ நிறுத்தினால் எனக்குக் கோபம் வராதா?

இன்னொரு கட்சியும் உண்டு. “வெள்ளைக்காரனிடம் பேரை வித்தவங்க” என்று எங்களைப் பேசுகிறவர்கள். பேரை விற்று என்ன வாங்கினார்கள் என்று இவர்கள் கேட்பதில்லை. 1884-இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். வெள்ளைக்காரன்கூடச் சுலபத்தில் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை, தனிப்பட்டியலில்தான் வைத்தான். அரசியலை ஆட்டி வைத்த சண்முக வேலாயுத முதலியார் கட்சியோ எங்களை ஊருக்கே விரோதி ஆக்கியது. இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு எடுத்த பெயர் இது. 1962 ஆகஸ்டு 16-க்குப் பிறகு ஆறு மாதக் கெடுவில் ஒப்சியோன் வந்தபோது என் சித்தப்பா கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். அப்பா போடவில்லை, இந்தியரானார். ஒரே பறவை, இரண்டு பாஸ்போர்ட்டு. இதில் யார் எதை விற்றார்கள்?

தம்பி மகனுக்குப் பத்திரத்தின் படத்தை அனுப்பிவிட்டேன். கேடயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பழைய பெயரை, அப்பன் பெயரோடும் ஊரோடும் சாதியோடும் எழுது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். அவன் அம்மா போன் செய்து, இதையெல்லாம் இப்போ எதுக்குக் கிளறணும் மாமா, பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்றாள். பிரான்சில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சு. எனக்கு வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

இதைப் படிப்பவர்களில் இன்னும் பலர் வீட்டில் தகரப் பெட்டி இருக்கும். கரையான் முந்திக்கொள்வதற்குள் திறந்து பாருங்கள். அந்தக் காலச் சாய்ந்த கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறோம். படிக்க முடியாவிட்டால் நகலைக் கொண்டு வாருங்கள், காலை பத்து மணிக்கு மேல். கண்ணாடி புதிதாக மாற்றியிருக்கிறேன். காசு வேண்டாம். எல்லா வரியையும் படிப்பேன்.