வரைபடத்தாள் வீண் இல்லை

"சூத்திரம் இருக்கே, வரைபடம் எதுக்கு?"ன்னு பலர் கேட்கிறாங்க. இரண்டும் வேணும் என்பதே என் கருத்து.

எக்ஸ் + ஒய் = 5, எக்ஸ் + ஒய் = 8. சூத்திரத்தில் போட்டால் கீழே 0 வரும், ஏன்னு புரியாது. வரைஞ்சு பாருங்க, நம்ம ஊர் தண்டவாளம் மாதிரி இணையாப் போகும், சந்திக்கவே சந்திக்காது.

ஆனா ஒய் = 2எக்ஸ், எக்ஸ் + ஒய் = 1 என்ற கோடுகள் (1/3, 2/3) என்ற புள்ளியில் வெட்டும். அதை ஸ்கேல் சரியாகக் காட்டாது, கணக்குத்தான் காட்டும்.

1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். இரு முனையிலிருந்தும் பார்த்த கோடுகள் வெட்டும் இடமே தூரத்துக் குறியின் இடம். கணக்கு பிசகினால் வரைபடத்தில் ஊரே இடம் மாறிடும்!

ஆசிரியர்களே, முதலில் வரைய விடுங்க. தோழிகளே, வரைஞ்சதைக் கணக்குப் போட்டுச் சரிபாருங்க.

9-ஆம் வகுப்பு மாணவி