கார் நட்சத்திரத்தில் இரண்டு கணக்கு

பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனைத் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சோதனைக்குப் போன காரின் முத்திரை வில்லையில் நிறுவனம், மாடல், சோதனை நடந்த காலம், நட்சத்திரங்கள், ஸ்கேன் செய்யும் கியூஆர் குறி ஆகியவை இருக்கும்.

நட்சத்திரம் ஒரே எண்ணிக்கை அல்ல. பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று எனத் தனித்தனி மதிப்பீடு. ஐந்து நட்சத்திரம் பெற முதலாவதில் 32-க்கு 27 புள்ளியும், இரண்டாவதில் 49-க்கு 41 புள்ளியும் தேவை. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது எது என்று கேட்டறிவது நல்லது. பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது வழக்கம். குழந்தைக்கான நட்சத்திரமோ, தனி இருக்கையில் கட்டப்பட்ட பொம்மையை வைத்துக் கணக்கிட்டது. மடியில் இருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது. இதை விற்பனையாளர்கள் சொல்லியே ஆக வேண்டும்.

முன்புற மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தப்படுகிறது. அதற்கு மேற்பட்ட வேகத்துக்கு நட்சத்திரம் உறுதி சொல்வதில்லை.

இச்சோதனை கட்டாயமல்ல. வில்லை இல்லாத கார் சட்டத்துக்குப் புறம்பானதும் அல்ல. கட்டாயத் தரச் சோதனை வேறு. பழைய கார் வாங்குவோர் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: சோதிக்கப்பட்டது புது வண்டி. விபத்தில் அடிபட்டுத் தட்டிச் சீராக்கிய வண்டிக்கும், ஏர்பேக் வெடித்தபின் மாற்றப்படாத வண்டிக்கும் அந்த நட்சத்திரம் செல்லாது.

– வாசகர், பொதட்டூர்பேட்டை